செருப்புத் தைத்தவர் மகன் கண்டுபிடித்த உருகாத பிசின்

(அறிஞர் லியோ பேக்லாண்ட் வாழ்க்கை வரலாறு, 1863 – 1944)



நவம்பர் 14 என்றதும் நமக்கு நேரு மாமா ஞாபகம்தான் வரும். அதே நவம்பர் 14-ல், நேரு பிறப்பதற்கு 26 வருஷம் முன்னாடி, தூர தேசத்தில் ஒரு ஏழைக் குடும்பத்தில் இன்னொருவர் பிறந்தார். அவர் பெயர் லியோ பேக்லாண்ட். நம்ம வீட்டுக் குக்கரில் கருப்பா ஒரு கைப்பிடி இருக்கே, அதுக்குப் பேர் பேக்லைட். பழைய வீடுகளில் இருக்கிற கருப்பு வட்டச் சுவிட்சும் பேக்லைட்தான். கடைக்காரர், எலக்ட்ரீஷியன் எல்லாரும் சொல்லுகிற அந்தப் பேர் ஒரு மனிதருடைய பேரில் இருந்து வந்தது.

அவர் செய்த பிசினை இப்போது பாதிக்குப் பாதி மரத்திலிருந்து எடுத்துச் செய்யப் பார்க்கிறார்கள். நம்ம பழனி மலையில் நிற்கிற தைலமரம், பைன் மரம், வாட்டில் என்கிற சீகை மரம் எல்லாமே அந்தக் கதைக்குள் வருகின்றன. அதனால் இந்த மாதச் சுவர் இதழுக்கு இவர் வாழ்க்கையை எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் பெரிய கட்டுரைதான். இடைவேளையில் பாதி, சாப்பாட்டு நேரத்தில் பாதி என்று படித்துவிடுங்கள்.

பிறப்பும் இளமையும்

லியோ பேக்லாண்ட் 1863-ம் ஆண்டு பெல்ஜியம் நாட்டில் கென்ட் என்ற நகரத்தில் பிறந்தார். தந்தையார் செருப்பும் பூட்ஸும் தைத்துக் கொடுக்கும் தொழிலாளி. தாயார் வசதியானவர்கள் வீட்டில் வேலை செய்தவர். பையன் சீக்கிரம் தன்னோடு தொழிலுக்கு வந்துவிட வேண்டும் என்று அப்பா நினைத்தார். பையன் படித்தே ஆகணும் என்று அம்மா பிடிவாதமா இருந்தார். கடைசியில் அம்மா நினைத்ததுதான் நடந்தது.

லியோ பகலில் பள்ளிக்கூடம் போனார். சாயங்காலம் நகராட்சித் தொழில் பள்ளியில் வேதியியலும் இயற்பியலும் படித்தார். நல்ல மார்க் வாங்கியதால் நகராட்சியே அவருக்கு உதவித்தொகை கொடுத்து, 1880-ல் கென்ட் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. 21 வயதிலேயே மிக உயர்ந்த தகுதியோடு டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். நம்மில் பல பேர் அந்த வயசில் கல்லூரியே முடித்திருக்க மாட்டோம்!

சின்ன வயசிலேயே அவருக்குப் போட்டோ என்றால் உயிர். அந்தக் காலத்தில் போட்டோவுக்கு வெள்ளி உப்பு வேண்டும். அதை வாங்கக் காசு இல்லை. அப்பா கொடுத்த கடிகாரத்தின் வெள்ளிச் சங்கிலியை அமிலத்தில் கரைத்து, அதிலிருந்தே வெள்ளி உப்பு எடுத்தார் என்று சொல்லுவார்கள். அப்பா என்ன சொன்னாரோ தெரியாது. நம்ம வீட்டில் செய்தால் விளக்குமாறுதான்!

வெயில் வேண்டாத போட்டோ காகிதம்

1889-ல் தன் பேராசிரியரின் மகள் சீலினைத் திருமணம் செய்தார். அதே வருஷம் படிப்புச் சுற்றுலா உதவித்தொகையில் அமெரிக்கா போனார். போனவர் அங்கேயே தங்கிவிட்டார்.

ஆரம்பத்தில் ஒரே சமயத்தில் பல ஆராய்ச்சிகளைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டார். உடம்புக்கு முடியாமல் படுத்தார், கடனும் சேர்ந்தது. படுக்கையில் கிடந்தபோதுதான் யோசித்தார். எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் தொடுவதை விட்டுவிட்டு ஒன்றைப் பிடித்து முடிப்பது என்று முடிவு எடுத்தார். அவர் பிடித்த ஒன்று, போட்டோ காகிதம்.

அப்போதெல்லாம் போட்டோ பிரிண்ட் போட வெயில் வேண்டும். மேகம் மூடினால் வேலை நின்றுவிடும். நம்ம கொடைக்கானல் மாதிரி பனிமூட்டம் இருக்கிற ஊரில் வாரக்கணக்கில் சும்மா உட்கார வேண்டியதுதான். பேக்லாண்ட் விளக்கு வெளிச்சத்திலேயே பிரிண்ட் எடுக்கும் காகிதத்தைச் செய்தார். பெயர் வெலாக்ஸ். 1893-ல் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து கம்பெனி தொடங்கினார். 1899-ல் அந்தக் கம்பெனியைக் கோடக் கம்பெனியின் ஜார்ஜ் ஈஸ்ட்மேன் பெரிய தொகை கொடுத்து வாங்கிக்கொண்டார்.

பேக்லாண்டுக்கு அப்போது 36 வயசுகூட ஆகவில்லை. கைநிறையப் பணம். நியூயார்க் பக்கத்தில் யாங்கர்ஸ் என்ற ஊரில் ஒரு பெரிய வீடு வாங்கினார். அங்கே குதிரை லாயமா இருந்த கொட்டகையை ஆராய்ச்சிக் கூடமா மாற்றிக்கொண்டு திரும்ப வேலையை ஆரம்பித்தார்.

அரக்குப் பூச்சியால் வந்த தட்டுப்பாடு

அந்த நேரத்தில்தான் ஊரெல்லாம் மின்சாரம் வர ஆரம்பித்தது. கரண்டுக் கம்பியைச் சுற்றி, கரண்டு கடத்தாத பூச்சு வேண்டும். அதற்கு எல்லாரும் வாங்கியது அரக்கு. அது முக்கியமா நம்ம இந்தியாவிலிருந்துதான் போனது.

அரக்கு எப்படி வருகிறது தெரியுமா? புரசு, இலந்தை போன்ற மரக் கிளைகளில் ஒரு குட்டிப் பூச்சி ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். அது உடம்பிலிருந்து விடுகிற பிசின்தான் அரக்கு. அதைச் சுரண்டி எடுத்து, உருக்கி, வடிகட்டி விற்பார்கள். ஒரு பவுண்டு அரக்குக்கு ஏறக்குறைய 15,000 பூச்சிகள் ஆறு மாதம் உழைக்க வேண்டும் என்று கணக்குச் சொல்கிறார்கள். கரண்டு வேகமா வளருது, பூச்சி வேகமா வளராது. அதனால் அரக்கு விலை ஏறிக்கொண்டே போனது.

இன்னொரு குறையும் இருந்தது. அரக்கு சூடு பட்டால் உருகும், தீயும் பிடிக்கும். மகாபாரதத்தில் பாண்டவர்களைக் கொல்ல துரியோதனன் அரக்கு மாளிகைதானே கட்டினான்! அப்படிப்பட்ட பொருளைச் சூடாகிற மோட்டாருக்குள் வைத்தால் என்ன ஆகும்?

அரக்குக்குப் பதிலா ஒன்றை மனிதனே செய்ய முடியுமா என்று பேக்லாண்ட் கேட்டார்.

யாருக்கும் வேண்டாத ஒரு பிசுக்கு

இரண்டு பொருளை நாம தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று பீனால். இதுக்கு இன்னொரு பேர் கார்பாலிக் அமிலம், கிருமிநாசினி. அப்போது நிலக்கரித் தாரிலிருந்து எடுத்தார்கள். இன்னொன்று பார்மால்டிஹைடு. ஆய்வகத்தில் தவளையைப் பாட்டிலில் போட்டு வைத்திருக்கும் பார்மலின் திரவம் இருக்கே, அது இதுதான், தண்ணியில் கலந்தது.

1872-லேயே ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி பேயர் இந்த இரண்டையும் கலந்து பார்த்தார். பாத்திரத்தின் அடியில் பிசுபிசுவென்று ஒன்று ஒட்டிக்கொண்டு இறுகியது. எதில் போட்டாலும் கரையவில்லை. அவர் சாயம் தேடினாரே தவிர பிசின் தேடவில்லை. அதனால் விட்டுவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் பாத்திரம் கழுவ முடியவில்லையே என்றுதான் கவலைப்பட்டார்கள்.

பேக்லாண்ட் வேறு மாதிரி யோசித்தார். எதிலும் கரையாது, சூட்டுக்கு உருகாது என்றால் அதுதானே நமக்கு வேண்டியது! அவரும் அவருடைய உதவியாளர் தர்லோவும் முதலில் அரக்குக்குப் பதிலா ஒரு வார்னிஷ் செய்தார்கள். அதுக்கு நோவோலாக் என்று பேர். அது சரியா விற்கவில்லை. அப்புறம் கட்டியா இறுகுகிற பொருளையே பிடித்துக்கொண்டார்.

குக்கர் மாதிரி ஒரு பாத்திரம்

பிரச்சினை என்னவென்றால், இரண்டையும் கலந்து சூடாக்கினால் பொங்கும். பீனாலும் பார்மால்டிஹைடும் சேரும்போது தண்ணீர் பிரிந்து வரும். அது நீராவியாகிக் குமிழி குமிழியா கிளம்பும். ஆறினால் ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும், அழுத்தினால் நொறுங்கும். அதனால் மற்றவர்கள் எல்லாரும் சூட்டைக் குறைத்து மெதுவா வேகவைத்துப் பார்த்தார்கள். நாள்கணக்கில் ஆனது, சரியாவும் வரவில்லை.

பேக்லாண்ட் அதுக்கு நேர்மாறாகச் செய்தார். சூட்டை அதிகமாக்கினார். ஆனால் கூடவே அழுத்தமும் கொடுத்தார். இதுக்காக முட்டை மாதிரி கனமான ஒரு இரும்புப் பாத்திரம் செய்தார், பெயர் பேக்லைசர். நம்ம குக்கர் மாதிரி உள்ளே அழுத்தம் ஏறியதால் குமிழி கிளம்ப முடியவில்லை. திறந்து பார்த்தபோது உள்ளே ஓட்டை இல்லாமல், பளபளவென்று, பாத்திரத்தின் வடிவத்திலேயே கெட்டியா ஒரு கட்டி இருந்தது. இது 1907-ம் ஆண்டு ஜூன் மாதம். 1907 ஜூலை 13-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். லண்டனில் ஸ்வின்பர்ன் என்ற பொறியாளரும் இதே வேலையில் இருந்தார். அவர் ஒரே ஒரு நாள் பிந்திவிட்டார் என்று சொல்லுவார்கள். 1909 பிப்ரவரியில் நியூயார்க்கில் வேதியியல் அறிஞர்கள் முன்னிலையில் பேக்லாண்ட் தன் கண்டுபிடிப்பை அறிவித்தார். 1909 டிசம்பர் 7-ல் காப்புரிமை கிடைத்தது.

பச்சைப் பானையும் சுட்ட பானையும்

இந்தப் பிசின் ஏன் உருகாது? இதுதான் கட்டுரையின் முக்கியமான இடம். கொஞ்சம் பொறுமையா படிங்க.

வெல்லத்தைச் சூடாக்கினால் பாகாகும், ஆறினால் கட்டியாகும், திரும்பச் சூடாக்கினால் திரும்பப் பாகாகும். அரக்கும் அப்படித்தான். நாம வாங்குகிற பிளாஸ்டிக் குடமும் அப்படித்தான். அதனால்தான் பழைய குடத்தைக் காயலான் கடைக்காரர் வாங்கிக்கொள்கிறார்.

பானை வேறு. பச்சை மண்ணில் செய்த பானையைத் தண்ணியில் போட்டால் கரைந்துவிடும். அதையே சூளையில் வைத்துச் சுட்டுவிட்டால் கரையாது. உடைக்கலாம், ஆனால் திரும்ப மண்ணாக்கிப் பிசைய முடியாது. பேக்லைட் பானை ஜாதி.

பேக்லாண்ட் இதில் மூன்று நிலைகளைச் சொன்னார். முதல் நிலையில் பிசின் திரவமா இருக்கும், அல்லது சூட்டில் உருகும், கரையும். இரண்டாம் நிலையில் சூடாக்கினால் ரப்பர் மாதிரி இளகும், ஆனால் உருகாது. மூன்றாம் நிலையில் முழுக்க இறுகிவிடும். அப்புறம் எதற்கும் அசையாது. முதல் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்குப் போவதைத்தான் பிசின் இறுகுதல் என்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கைகோர்த்து ஆடுகிற ஆட்டமா நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பீனாலுக்கும் மூன்று கை. பார்மால்டிஹைடு ஒரு கையையும் இன்னொரு பீனாலின் கையையும் சேர்த்துக் கட்டும் கயிறு. ஒவ்வொரு கட்டுக்கும் கொஞ்சம் தண்ணீர் வெளியே விழும். இரண்டு கை மட்டும் இருந்தால் நாம வரிசையாத்தான் நிற்க முடியும், ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு நகரலாம். மூன்று கை இருந்தால் எல்லாப் பக்கமும் கட்டு விழுந்து வலை மாதிரி ஆகிவிடும். யாரும் நகர முடியாது. நகர முடியாவிட்டால் உருகவும் முடியாது. அந்தப் பேக்லைட் கட்டி முழுவதும் கிட்டத்தட்ட ஒரே மூலக்கூறு மாதிரிதான்!

ஆயிரம் உபயோகம்

1910-ல் கம்பெனி தொடங்கினார். பிசினோடு மரத்தூளைக் கலந்து அச்சில் அழுத்தினால் வேண்டிய வடிவம் கிடைத்தது. மரத்தூள் கலந்தால் சட்டென்று உடையாது. டெலிபோன், ரேடியோப் பெட்டி, சுவிட்சு, பிளக், கார் பாகங்கள், கேமரா, பித்தான், வளையல் என்று எல்லாம் வந்தன. கம்பெனியின் முத்திரையில், முடிவில்லாததைக் குறிக்கும் கணிதக் குறியைப் போட்டார்கள். ஏனென்றால் இதன் உபயோகத்துக்கு முடிவே இல்லையாம்.

1922-ல் போட்டிக் கம்பெனிகளையும் சேர்த்து ஒரே கம்பெனி ஆக்கினார். 1924-ல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் தலைவரானார். அதே வருஷம் டைம் பத்திரிகையின் அட்டையில் அவர் படம் வந்தது. அதே 1924-ல் நம்ம நாட்டில் ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் அரக்கு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார்கள். அரக்கு இன்னும் இருக்கிறது. மாத்திரை மேல் பூச்சு, வளையல், வார்னிஷ் என்று பயன்படுகிறது.

நம்ம மலைப்பாதையில் பேக்லாண்ட்

பேக்லைட் டெலிபோன் எல்லாம் போய்விட்டது. ஆனால் அவருடைய பிசின் நம்ம உயிரைத் தினமும் காப்பாற்றுகிறது. எப்படி என்று சொல்லுகிறேன்.

கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. பஸ் பெருமாள்மலை, டம்டம் பாறை தாண்டி வத்தலக்குண்டு வரைக்கும் இறங்கும்போது டிரைவர் அண்ணன் எத்தனை தடவை பிரேக் மிதிப்பார்! அந்த வேகமெல்லாம் பிரேக்கில் சூடாக மாறுகிறது. பிரேக் லைனிங்கில் நார், உலோகத் தூள் எல்லாம் இருக்கும். அதையெல்லாம் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது பேக்லாண்ட் வகைப் பிசின்தான். அந்த இடத்தில் அரக்கு மாதிரி உருகுகிற பிசின் இருந்தால் முதல் வளைவுக்கே வழுக்கிவிடும். பண்ருட்டிப் பக்கம் விளைகிறதே முந்திரி, அதன் கொட்டை ஓட்டில் வரும் எண்ணெயும் பீனால் குடும்பம்தான். அதையும் பிசினாக்கி, பொடி செய்து பிரேக் லைனிங்கில் சேர்க்கிறார்கள்.

ரொம்ப ரொம்பச் சூடானால் இந்தப் பிசினும் சிதைய ஆரம்பிக்கும், பிரேக் பிடிப்பு குறையும். அதனால்தான் இறக்கத்தில் டிரைவர்கள் சின்ன கியரில் இறங்குகிறார்கள். பிசினை முழுக்க இறுகவைக்க, லைனிங்கை அச்சில் அழுத்தி எடுத்த பிறகும் மணிக்கணக்கில் சூட்டு அடுப்பில் வைக்கிறார்கள். பாதி வெந்த பிசினை நம்பிப் பஸ்ஸை மலையில் இறக்க முடியாது.

இறுதிக் காலம்

1939-ல் பேக்லாண்ட் தன் கம்பெனியை யூனியன் கார்பைடு கம்பெனிக்கு விற்றுவிட்டு ஓய்வு பெற்றார். பல வருஷம் நாட்குறிப்பு எழுதியவர் அவர். 62 நோட்டுப் புத்தகங்கள் சேர்ந்தன. வயதான பிறகு டப்பாவில் அடைத்த சாப்பாட்டையே சாப்பிட்டுக்கொண்டு எளிமையா இருந்தார் என்பார்கள். 1944 பிப்ரவரி 23-ல் தமது 80-வது வயதில் மறைந்தார்.

அவர் விட்டுப்போன மிச்ச வேலை

பெரியவர்கள் வாழ்க்கை என்றால் நல்லதை மட்டும் எழுதி முடித்துவிடுவோம். ஆனால் பேக்லாண்டின் பிசினில் மூன்று குறை இருக்கிறது. ஒன்று, உருகாததால் பழசை உருக்கிப் புதுசு செய்ய முடியாது. இரண்டு, பீனால் தோலில் பட்டால் புண்ணாக்கும், பார்மால்டிஹைடு கண்ணை எரிக்கும், அதிகம் சுவாசித்தால் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். மூன்று, பீனால் அப்போது நிலக்கரியிலிருந்து வந்தது, இப்போது பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. இரண்டும் ஒருநாள் தீர்ந்துபோகும்.

இதில் மூன்றாவது குறைக்கு விஞ்ஞானிகள் பார்த்த இடம் மரம். மரத்தை ஒரு கான்கிரீட் தூணா நினைத்துக்கொள்ளுங்கள். செல்லுலோஸ் கம்பி, லிக்னின் சிமெண்ட். மரத்தில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை லிக்னின்தான். காகித ஆலையில் கம்பி மட்டும் போதும், சிமெண்ட் வேண்டாம். அதனால் லிக்னினைக் கரைத்து வெளியே எடுத்துவிடுவார்கள். கருப்பா கஷாயம் மாதிரி வரும். அதைப் பாய்லரில் எரித்து நீராவி எடுப்பார்கள். கரூர் பக்கத்தில் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறார்களே, அந்தச் சக்கையிலும் லிக்னின் உண்டு.

லிக்னினின் உள்ளமைப்பு பீனால் மாதிரியே வளையம் வளையமா இருக்கும். பேக்லாண்டுக்குக் கோடி வருஷம் முன்னாடியே மரம் தனக்குள் ஒருவகைப் பீனால் பிசினைச் செய்து வைத்திருந்தது! அப்படியென்றால் பீனாலுக்குப் பதிலா லிக்னினையே போட்டுவிடலாமே?

அங்கேதான் சிக்கல். கை எண்ணிக்கை ஞாபகம் இருக்கா? பீனாலுக்கு மூன்று கை. லிக்னினில் ஒரு கை ஏற்கெனவே தன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மிச்சம் இரண்டு. பைன் மரத்து லிக்னினில் அந்த இரண்டில் ஒன்றில் வேறு ஒரு தொகுதி உட்கார்ந்திருக்கும், ஒரு கைதான் காலி. தைலமரத்து லிக்னினில் பெரும்பாலான வளையங்களில் இரண்டு கையும் நிறைந்திருக்கும், காலிக் கையே இருக்காது. புல், கரும்பு வகையில் மட்டும் சில வளையங்களுக்கு இரண்டு கையும் காலியா கிடைக்கும். போதாக்குறைக்கு லிக்னின் பெரிய உடம்பு, கூட்டத்தில் நகரவே கஷ்டப்படும். ஆகவே லிக்னினை அப்படியே சேர்த்தால் பிசின் மெதுவா இறுகும். அதிக நேரம் வேண்டும், அல்லது அதிகச் சூடு வேண்டும்.

மெதுவா இறுகினால் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்கலாம். பிளைவுட் செய்யும்போது மரத் தகடுகளுக்கு நடுவில் பிசின் தடவி, 130 முதல் 150 டிகிரி வரை சூட்டில் அழுத்துவார்கள். முழுக்க இறுகுவதற்குள் எடுத்துவிட்டால் வெளியே பார்க்க நல்லா இருக்கும், உள்ளே ஒட்டியிருக்காது. நம்ம ஊர் மழையையும் பனியையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். மட்டமான பசை போட்ட பிளைவுட் அலமாரி இரண்டு மழைக்காலத்தில் அப்பளம் மாதிரி அடுக்கடுக்கா பிரிந்துவிடும். பீனால் பிசின் போட்ட மெரைன் பிளைவுட்டை இந்திய தரச் சோதனைக்காக 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணியில் போட்டு எடுக்கிறார்கள். அப்போதும் அது பிரியக்கூடாது.

விஞ்ஞானிகள் இதுக்கும் வழி கண்டுபிடித்தார்கள். லிக்னினை முதலில் பீனாலோடு வேகவைத்தால் அதுக்குப் புதுக் கைகள் கிடைக்கும். அல்லது பார்மால்டிஹைடை முன்கூட்டியே அதில் ஏற்றிவிடலாம். டெல்லி ஜாமியா மிலியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர்கள், பீனாலில் பாதி வரைக்கும் கரும்புச் சக்கை லிக்னினைப் போட்டே நல்ல மரப்பசை செய்யலாம் என்று 2004-ல் காட்டினார்கள். பின்லாந்து நாட்டில் 2017 முதல் இப்படிப் பாதி லிக்னின் கலந்த பசையில் பிளைவுட் செய்து விற்கிறார்கள். முழுக்க லிக்னினை மட்டும் போட்டு, அதே வேகத்தில் அதே பலத்தில் இறுகவைப்பதுதான் இன்னும் கஷ்டமா இருக்கிறது.

நம்ம மலைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

மேல்மலையில் ஒருகாலத்தில் புல்வெளியும் நடுநடுவே சோலையும்தான் இருந்தன என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்புறம்தான் வெளிநாட்டு மரங்களான வாட்டில், தைலமரம், பைன் எல்லாவற்றையும் வரிசையா நட்டார்கள். வாட்டில் பட்டை தோல் பதனிடப் போனது. மரங்கள் காகிதத்துக்கும் செயற்கைப் பட்டுக்கும் கூழாகப் போயின. அந்தக் கூழ் எடுக்கும்போது பிரிந்த லிக்னினைப் பெரும்பாலும் எரித்துத்தான் இருப்பார்கள். நம்ம மலைச் சத்து புகையாப் போயிருக்கிறது.

இன்னொரு அதிசயம், வாட்டில் பட்டையில் இருக்கிற டானின் என்ற துவர்ப்புப் பொருளும் பீனால் குடும்பம். லிக்னின் மாதிரி அது சோம்பேறி இல்லை, பார்மால்டிஹைடைப் பார்த்ததும் பீனாலைவிட வேகமா இறுகும். தென்னாப்பிரிக்காவில் இதை வைத்து மரப்பலகைக்குப் பசை செய்கிறார்கள்.

அப்படியென்றால் பிசினுக்காக இன்னும் நிறைய தைலமரம், வாட்டில் நடலாமா? கூடாது என்றுதான் நான் சொல்லுவேன். புல்வெளியும் சோலையும் மழைத் தண்ணியைப் பஞ்சு மாதிரி பிடித்து வைத்து, கோடையிலும் ஓடையா விடும். நம்ம ஓடைத் தண்ணியை நம்பி கீழே சமவெளியில் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. வெளியிலிருந்து வந்து பரவுகிற செடி மரங்களை அகற்றிப் பழைய காட்டை மீட்க 2022-ல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையும் வெளியிட்டது. அப்படி அகற்றுகிற மரத்தில் இருக்கிற லிக்னினையும் டானினையும் வீணாக்காமல் பிசினாக்கினால் இரண்டு நன்மை. காடும் திரும்பும், பெட்ரோலியமும் மிச்சமாகும். ஆனால் அந்தப் பிசினுக்கு விலை கிடைக்குதே என்று அதே மரத்தை மறுபடியும் நட்டால், பிசின் நல்லா இருக்கும், ஓடை வற்றிப்போகும். இதை நம்ம காலத்தில் நாமதான் கவனித்துப் பார்க்கணும்.

நாம் கற்றுக்கொள்ள வேண்டியது

தோழிகளே, தோழர்களே! பேக்லாண்டின் அப்பா செருப்புத் தைத்தார், அம்மா வீட்டு வேலை செய்தார். நம்மில் பல பேர் அப்பா அம்மாவும் தோட்டத்தில் உருளைக்கிழங்கும் பூண்டும் வெட்டத்தான் போகிறார்கள். உதவித்தொகை பரீட்சை வந்தால் பயப்படாமல் எழுதுங்கள். அவரும் உதவித்தொகையில் படித்தவர்தான். பெண்பிள்ளைகளைப் பத்தாவதோடு நிறுத்த நினைக்கிற வீட்டில் இந்தக் கட்டுரையை அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். லியோவைப் படிக்கவைத்தது ஒரு அம்மாதான்.

இன்னொன்று, எல்லாரும் கழுவ முடியவில்லை என்று தூக்கிப்போட்ட பிசுக்கைத்தான் அவர் பயன்படுத்தினார். இப்போது எரிக்கிற லிக்னினும் அந்த மாதிரிதான் காத்துக்கொண்டிருக்கிறது. அதை முழுக்க இறுகவைக்கிற வழியைக் கண்டுபிடிக்கப்போவது நம்ம மலையிலிருந்து படிக்கப் போகிற ஒருவரா ஏன் இருக்கக்கூடாது?

யோசித்துப் பாருங்கள் (விடை கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது)

1. வெல்லம், சுட்ட பானை, பிளாஸ்டிக் குடம், குக்கர் கைப்பிடி. இவற்றில் திரும்ப உருகாதவை எவை?
2. பேக்லாண்ட் அழுத்தம் கொடுக்காமல் இருந்தால் பிசின் எப்படி வந்திருக்கும்?
3. பைன் மர லிக்னின், தைலமர லிக்னின், இரண்டில் எதில் பிசின் செய்வது சுலபம்? ஏன்?
4. வாட்டில் மரத்தில் எந்தப் பகுதி வேகமா இறுகும் பிசின் தரும்?

சரியான விடை எழுதுபவர் பெயர் அடுத்த இதழில் வரும். சுவர் இதழை யாரும் கிழிக்க வேண்டாம், மேலே கிறுக்கவும் வேண்டாம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
ஊராட்சி ஒன்றியப் பள்ளி